அண்டா அளவு பயம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் தினமும் எழுத வேண்டுமாம். பெரிய சார் உத்தரவு.

நான் பத்தொன்பது வருடமாகக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தண்ணீர் பேசாது, பயப்படாது, அழாது. அதனால் எனக்கு அந்த வேலை பிடிக்கும். போன மாதம் மேட்டுத்தெருவில் யாருக்கோ வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது, குழாய்த் தண்ணீரில் பிளாஸ்டிக் அரிசி கரைந்து வருகிறது என்று. தெருவே திரண்டு போய் மேல்நிலைத் தொட்டியின் ஏணியைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டது. ஏணி இன்னும் கிடைக்கவில்லை. அதன் பலனாக எங்கள் அலுவலகத்தில் ஒரு புதுப் பிரிவு தொடங்கியிருக்கிறார்கள்: சுற்றுச்சூழல் அச்சம் நீக்கும் உதவிப் பிரிவு. தண்ணீர், காற்று, வெளிச்சம், டவர், எதைக் கண்டு பயந்தாலும் மக்கள் இங்கே வந்து சொல்லலாம். பொறுப்பாளர் உலகம்மாள், அதாவது நான். ஆளைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தின்போது நான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

மேசை ஒன்று, நாற்காலி இரண்டு, இந்த நோட்டு ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 4, புதன்

யாரும் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

ஒருவர் வந்தார். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 9, திங்கள்

முதல் ஆள் வந்தார். பெயர் நம்பிராஜன், வயது ஐம்பத்தொன்று. தெற்கு பஜாரில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் அண்டா, தவலை, ஜமுக்காளம் எல்லாம் இவரிடம்தான் போகுமாம். மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. ஒரே மகள் வடிவு, மதுரையில் கட்டிக்கொடுத்திருக்கிறார். இவ்வளவையும் நான் கேட்காமலே சொன்னார். வந்த விஷயத்தைச் சொல்ல மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது.

விஷயம் இதுதான். வீட்டு மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. அது வெயிலில் உருகித் தண்ணீரில் இறங்குகிறது என்று பயப்படுகிறார். அதனால் தெருக்குழாய்த் தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் பிடித்து வைத்து, அதை மட்டும்தான் குடிக்கிறார். சட்டைப் பையில் ஒரு கொத்துத் துளசி இருந்தது. அது தண்ணீருக்கா என்று கேட்டேன். இல்லை, டவர் கதிருக்கு என்றார்.

வியாழக்கிழமை கடையில் கூட்டம் இருக்காதாம். அன்று வந்து தண்ணீர் எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னேன்.

ஜூன் 12, வியாழன்

நம்பிராஜன் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கிழக்குப் பக்கத்து ஜன்னல்கள் மூன்றிலும் அண்டா மூடிகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். தபாலாபீஸுக்குப் பின்னால் உள்ள செல்போன் டவர் அந்தத் திசையில் இருக்கிறது. கதிர் மூடியில் பட்டுத் திரும்பிப் போய்விடும் என்பது அவர் கணக்கு. காற்று அடித்தால் மூன்று மூடிகளும் மோதிக்கொள்கின்றன. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. காற்று நிற்கும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

வீட்டில் செல்போன் கிடையாது. கடையில் மட்டும் பழைய தொலைபேசி. ஃப்ரிட்ஜ் இருக்கிறது, அதில் வேட்டிகளை மடித்து அடுக்கியிருக்கிறார். கதவை மூடிய பிறகு உள்ளே விளக்கு அணைகிறதா, எரிந்துகொண்டேதான் இருக்கிறதா, யார் பார்த்தது என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன். நானும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டேன். தாகமாக இருந்தது. குடத்திலிருந்து ஒரு டம்ளர் கொடுத்தார், நல்ல குளிர்ச்சி. குடத்தின் கழுத்தில் 'கனகு' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. அவர் மனைவியின் பெயராம். கையில் ஒரு காலி பாட்டில் மிச்சம் இருந்ததால் குடத்துத் தண்ணீரையும் அதில் பிடித்து வைத்தேன். பத்தொன்பது வருடப் பழக்கம், காலி பாட்டிலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

ஜூன் 13, வெள்ளி

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில் இருக்கிறேன். இன்று காலை ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து, ஓரத்தில் இருக்கும் குமிழை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தினால் விளக்கு அணைகிறது. மதினி பின்னால் வந்து நின்று, என்ன தேடுகிறாய் என்று கேட்டாள். அலுவலக வேலை என்றேன்.

ஜூன் 19, வியாழன்

தொட்டித் தண்ணீர் சுத்தம். அறிக்கையை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். கும்பிட்டார். சரி, முடிந்தது என்று எழுந்தேன். அப்படியானால் தொட்டியை விட்டுவிடுவோம் மேடம், இந்த ஃப்ரிட்ஜைப் பார்த்துவிடுவோம் என்றார்.

குமிழைக் காட்டினேன். அப்பளக் குறடால் தள்ளி நின்று அழுத்திப் பார்த்தார். விளக்கு அணைந்தது. முகம் மலர்ந்தது. வேட்டிகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்தார். அப்படியானால் இந்தத் தெருவிளக்கு மேடம் என்று ஆரம்பித்தார். மூன்று மணிக்குள் நாங்கள் தெருவிளக்கு, கொசுவத்தி, பக்கத்து வீட்டு வாஷிங் மிஷின் எல்லாவற்றையும் தாண்டிவிட்டோம். ஒன்றைத் தீர்த்தால் அடுத்தது வரிசையில் வந்து நிற்கிறது. ரேஷன் கடையில்கூட இவ்வளவு ஒழுங்கைப் பார்த்ததில்லை.

கடைசியில் டவர் வந்தது. அதைச் சொல்லும்போதுதான் குரல் மாறியது. வடிவுக்கு ஜனவரியில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அவள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் மொட்டைமாடியில் செல்போன் டவர் நிற்கிறது. அதனால் இவர் இன்னும் குழந்தையைப் போய்ப் பார்க்கவில்லை. மகள் முதலில் அழைத்தாள், பிறகு கோபித்தாள், இப்போது பேசுவதையே நிறுத்திவிட்டாள். மருமகன் தபாலில் அனுப்பிய ஒரு போட்டோவைச் சாமி படங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறார். குழந்தைக்கு அவர் காது.

காற்று அடித்தது. மூடிகள் மோதின. அதனால் நான் ஏதும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

மருத்துவக் கல்லூரியில் மனநல டாக்டரம்மா ஒருவரைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீங்கள் அவரிடம் எவ்வளவு நேரம் வாதாடினீர்கள் என்று கேட்டார். கணக்குப் பார்த்தால் ஐந்தரை மணி நேரம். இனி வாதாட வேண்டாம் என்றார். "பயத்தை யாரும் பேசிப் போக்கினதில்ல. கூட நடங்க. சின்னதா ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா ஏறுங்க. ஒவ்வொரு படியிலயும் பயம் பத்துக்கு எத்தனைன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க."

ஜூன் 26, வியாழன்

பத்துக்கு எத்தனை என்று கேட்டால் அண்ணாச்சிக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏழு என்பார், உடனே ஏழரை என்பார், ராகு காலம் வேறு என்பார். கடைசியில் அவரே ஒரு அளவு கண்டுபிடித்தார். பெரிய பயம் அண்டா. அதற்குக் கீழே தவலை, வாளி, செம்பு, டம்ளர். இது அவருக்குத் துல்லியமாக வருகிறது. பெரிய சாருக்கான அறிக்கையில் இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அலுவலகத்துக்கு வேறு நோட்டு வாங்கிக்கொண்டேன். இது என்னிடமே இருக்கட்டும்.

ஜூலை 3, வியாழன்

முதல் படி. அணைத்து வைத்த செல்போனைக் கையில் வைத்திருக்க வேண்டும். அப்பளக் குறடை எடுக்கப் போனார், தடுத்தேன். கையில் வாங்கினார். அண்டா என்றார். பத்து நிமிடம் கழித்துத் தவலை என்றார். அரை மணியில் வாளி. வியர்வையைத் துடைக்கக் கையை எடுத்தபோது போன் கீழே விழுந்தது. என் போன்தான். கண்ணாடியில் ஒரு கீறல்.

ஜூலை 10, வியாழன்

நீலச் சேலை கட்டிக்கொண்டு போனேன். மற்றவை இஸ்திரிக்குப் போயிருக்கின்றன.

இரண்டாம் படி, உயிரோடு இருக்கும் போன். அவர் கையில் இருக்கும்போதே மதினி கூப்பிட்டுவிட்டாள். போன் அதிர்ந்ததும் அவர் கண்களை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசத்தில் பாதியைச் சொல்லிவிட்டார். நான் போனை வாங்கிப் பேசினேன். யாருடி அது பக்கத்தில் பூஜை செய்வது என்று மதினி கேட்டாள். கோயில் பக்கமாக நிற்கிறேன் என்றேன்.

பிறகு அவர் காபி போட்டார். சர்க்கரை கொஞ்சம் அதிகம். நன்றாக இருந்தது.

ஜூலை 17, வியாழன்

மூன்றாம் படி, டவர் நிற்கும் தெருவின் முனைவரை நடப்பது. வெயிலுக்கு என்று சொல்லி ஒரு குடை கொண்டுவந்தார். அதை வெயில் இருந்த பக்கம் பிடிக்காமல் டவர் இருந்த பக்கம் பிடித்தார். நான் நிழலில் நடந்தேன், அவர் வெயிலில் நடந்தார். எனக்குச் சௌகரியமாக இருந்தது என்பதால் திருத்தவில்லை.

இன்று ஒன்று கவனித்தேன். இரண்டு வாரமாக அவரை அண்ணாச்சி என்று நான் கூப்பிடவில்லை. வாக்கியம் நீளமாகிவிடுகிறது, அதனால்தான்.

ஜூலை 21, திங்கள்

அந்தக் குடத்துத் தண்ணீரை ஜூனிலேயே உலோகப் பரிசோதனைக்காக வேறு கூடத்துக்கு அனுப்பியிருந்தேன். மறந்தே போயிருந்தது. இன்று அறிக்கை வந்தது. காரீயம், அனுமதித்த அளவைப் போல நான்கு மடங்கு.

உருகும் என்று பயந்த தொட்டி சுத்தம். நம்பிக் குடித்த குடத்தில் விஷம்.

இப்போதுதான் தெருமுனைவரை வந்திருக்கிறார். இதைச் சொன்னால் வீட்டை விட்டே வெளியே வரமாட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

சொல்லவில்லை. பெரிய சார் விடுப்பில் இருக்கிறார். அவரிடம் கேட்காமல் சொல்லக் கூடாது.

ஜூலை 23, புதன்

பெரிய சார் வந்துவிட்டார். அவரிடம் கேட்கவில்லை. நாளை எப்படியும் வியாழக்கிழமை.

மத்தியானம் சாப்பிடும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. நான் சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் அதைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறார். மோர்சாதத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். மூன்று நாள் மறைத்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் பயப்படவில்லை. துளிகூட இல்லை. குடம் அடியில் ஒழுகியதால் நாலு வருடம் முன்பு, தெருவில் வந்த ஒருவரிடம் கொடுத்துப் பற்றவைத்ததாகச் சாவகாசமாகச் சொன்னார். அந்தப் பற்றிலிருந்துதான் காரீயம் இறங்குகிறது. ரத்தம், நரம்பு, வயிறு, தலைவலி என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். நாளை மழை வருமாம் என்று யாரோ சொன்னதைப் போலக் கேட்டுக்கொண்டார்.

"எங்க கல்யாணத்துக்குச் சீரா வந்த குடம் மேடம். அது என்னைய என்ன செஞ்சிரப் போவுது?"

இதைச் சொல்லிக்கொண்டே ஒரு டம்ளர் மொண்டு வாயருகே கொண்டுபோனார். ஃப்ரிட்ஜ் விளக்கைக் குறடால் அணைத்த மனிதர், டவருக்கு மூடி கட்டிய மனிதர், உள்ளபடியே விஷமான ஒன்றை என் கண் முன்னாலேயே குடிக்கப் போகிறார். அச்சம் நீக்கும் பிரிவின் பொறுப்பாளராகிய நான் இப்போது ஒருவருக்கு அச்சத்தை உண்டாக்க வேண்டும். எனக்கு அதில் பயிற்சி இல்லை. டம்ளரைத் தட்டிவிட்டேன். அது சுவரில் பட்டு, பத்தாயத்தில் பட்டு, உருண்டு போய் வாசலில் நின்றது.

"உங்களுக்குப் பயமில்லன்னா இருக்கட்டும். எனக்குப் பயமா இருக்கு. அண்டா அளவு இருக்கு. போதுமா?"

இப்படி நான் சொன்னதாக நினைவு. இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அடுத்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள்.

அவர் வாசலுக்குப் போய் டம்ளரை எடுத்து வந்து வைத்தார். பிறகு குடத்தைத் தூக்கிப் போய்த் தண்ணீர் முழுவதையும் சாக்கடையில் கொட்டினார். துணியால் துடைத்து, பெயர் வெளியே தெரியும்படி பரண்மேல் கவிழ்த்து வைத்தார். திரும்பும்போது முகம் வெளிறிப் போயிருந்தது. நீங்களும் அன்றைக்கு இதில் ஒரு டம்ளர் குடித்தீர்களே என்றார். ஒரு டம்ளர் ஒன்றும் செய்யாது என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்கிறார்.

ஜூலை 25, வெள்ளி

இருவரும் ரத்தம் கொடுத்தோம். அவருக்கு ஊசி என்றால் பயமே கிடையாதாம். எனக்கும் கிடையாது. நான் வெளியே பெஞ்சில் சற்று நேரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது காலையில் சாப்பிடாததால்.

ஜூலை 31, வியாழன்

எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கு ரத்தத்தில் காரீயம் கொஞ்சம் கூடுதல். குடத்தை நிறுத்தியதே மருந்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு வருடமாக அவருக்குத் தலைவலி உண்டு. குடத்தைப் பற்றவைத்த வருடமும் டவர் வந்த வருடமும் ஒன்றுதான். தலைவலி வந்ததும் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார், எதிரே டவர் நின்றிருக்கிறது, பழியை அதன் தலையில் போட்டுவிட்டார். அந்தத் தலைவலி குடத்தால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இவரோ, டவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது என்றார். நான் சிரித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அப்படிச் சிரிக்கக் கூடாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஒரு ஜன்னல் மூடியை அவிழ்த்துவிட்டார். ஆவணிக் கல்யாணத்துக்கு மூடி பற்றாக்குறை, அதனால்தான் என்கிறார். அப்படியே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று டவரின் நேர் கீழே நின்றோம். முதலில் அண்டா. குடையை மூடச் சொன்னேன். மூடியதும் அண்டாவுக்கும் மேலே ஒரு பாத்திரம் உண்டு, கொப்பரை, அதைச் சொல்ல விட்டுப்போயிற்று என்றார். நான் வாதாடவில்லை, பக்கத்தில் நின்றேன். டவரின் காலடியில் ஒரு நாய் ஆறு குட்டிகளோடு படுத்திருந்தது. அவர் குட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். காதுகளைப் பார்த்தார், வால்களைப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது மேடம் என்றார். இருபது நிமிடத்தில் வாளி. முக்கால் மணியில் செம்பு.

திரும்பும் வழியில் எனக்குக் கீறல் விழாத செல்போன் ஒன்று வாங்கித் தர வேண்டும் என்றார். வேண்டாம் என்றேன். அப்படியானால் தனக்கு ஒன்று வாங்க வேண்டும், எது நல்லது என்று சொல்லுங்கள் என்றார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மருமகன் கடைக்குப் பேசியிருக்கிறார். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, குழந்தைக்குக் காது குத்து. வடிவுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை, அதனால் தாய்மாமன் மடியும் இல்லை. தாத்தா மடியில்தான் வைத்துக் குத்த வேண்டும், வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று வடிவு சொல்லச் சொன்னாளாம். விசேஷம் மொட்டைமாடியில். பந்தலும் சாப்பாடும் அங்கேயே, டவருக்குக் கீழே.

அதைச் சொல்லத்தான் இன்று செவ்வாய்க்கிழமையே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். கடைசிப் படி அது, நீங்கள் கூட வருவீர்கள்தானே என்று கேட்டார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை என்பதால் இதைப் பணி என்று எழுத முடியாது. விடுப்பு என்றும் எழுத முடியாது. அதனால் அலுவலக நோட்டில் எதுவும் எழுதவில்லை. வீட்டில் மதுரைக்கு ஒரு பயிற்சிக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒருவகையில் பயிற்சிதானே. அண்ணன் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், சரி சரி, நல்லபடியாகப் பயிற்சி எடுத்துவிட்டு வா என்றார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அதிகாலை பஸ் பிடித்து ஒன்பது மணிக்கெல்லாம் மதுரை. ஆட்டோவிலிருந்து இறங்கி நிமிர்ந்து பார்த்தோம். நாலு மாடி, அதற்கு மேல் டவர். எங்கள் ஊர் டவரைவிடப் பெரிது. சிவப்பும் வெள்ளையுமாக, தட்டுத் தட்டாக என்னென்னவோ மாட்டியிருந்தது. அவர் எதிர்ப்பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கால் வரமாட்டேன் என்கிறது என்றார். கொப்பரை என்றார்.

பத்தரைக்குக் காது குத்து. நான் அவர் பக்கத்தில் ஒன்பதே முக்கால்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு தட்டை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, பழம், வெற்றிலை, குழந்தைக்குப் பட்டுப்பாவாடை எல்லாம் இருந்த தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினேன். மேலே அறுபது பேர் இருந்தார்கள், ஒருவரையும் எனக்குத் தெரியாது. நீங்கள் யார் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார். பதற்றத்தில் குடிநீர்ப் பரிசோதனை என்று சொல்லிவிட்டேன். அவர் கையோடு என்னை அழைத்துக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்வது.

வடிவு வந்தாள். அப்பாவின் காது அவளுக்கும். குழந்தை இடுப்பில் இருந்தது. நான் யாரென்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மருமகன் மூலம் எல்லாம் தெரிந்திருக்கிறது. அப்பா எங்கே என்றாள். கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே காட்டினேன். டீக்கடை வாசலில் குடையை விரித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். வடிவு பார்த்துக்கொண்டே நின்றாள். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பத்து இருபதாகிவிட்டது. காது குத்த வந்த பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டு, யார் மடி, யார் மடி என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சாம்பார் வந்தது. சமையல் கீழே, தெருவை ஒட்டிய பக்கத்துக் காலி மனையில். அண்டா படிக்கட்டில் திரும்பவில்லை, லிஃப்டிலும் நுழையவில்லை. மாடியிலிருந்து கயிறு விட்டு வெளிச்சுவர் வழியாகத் தூக்கலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அண்டாவுக்கு இரண்டு வளையம் உண்டு. கயிற்றை ஒரு வளையத்தில் மட்டும் கட்டியிருந்தார்கள். நாலு பேர் சேர்ந்து இழுக்க, கொதிக்கும் சாம்பாரோடு அண்டா தரையை விட்டுக் கிளம்பியது.

கீழே தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது. இத்தனை வாரத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை.

"ஏ நிறுத்துங்கய்யா. ஒத்த வளையத்துல அண்டாவத் தூக்குவாகளா எங்கயாவது?"

யாரும் நிறுத்தவில்லை. அண்டா ஒரு பக்கம் சாய்ந்தபடியே முதல் மாடியைத் தாண்டியது. நான் எட்டிப் பார்த்தபோது டீக்கடை வாசலில் குடை மட்டும் கிடந்தது. படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. அவர் மாடிக்கு வந்து சேர்ந்தபோது வேட்டி மடித்துக்கட்டியிருந்தது, மூச்சு வாங்கியது. யாரையும் பார்க்கவில்லை. கயிற்றுக்காரர்களை நிறுத்திவைத்தார். இன்னொரு கயிறு கேட்டார், சுருக்குப் போட்டுக் கீழே விட்டார். மூன்றாம் மாடி பால்கனியில் இருந்தவரைக் கொண்டு அடுத்த வளையத்தில் மாட்டவைத்தார். பிறகு கயிற்றை டவரின் இரும்புக் காலில் ஒரு சுற்றுச் சுற்றி, காலை அதிலேயே உதைத்து ஊன்றிக்கொண்டு, இரு பக்கமும் சமமாக இழுக்கவைத்தார். அண்டா ஒரு சொட்டுச் சிந்தாமல் மாடியில் இறங்கியது. கரண்டியை வாங்கிக் கிண்டிப் பார்த்துவிட்டு, பெருங்காயம் கம்மி என்றார்.

அதன் பிறகுதான் தான் எதில் சாய்ந்து நிற்கிறோம் என்று திரும்பிப் பார்த்தார்.

மொட்டைமாடியே திரும்பி அவரைப் பார்த்தது. எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது போலும். அவர் டவரின் உச்சிவரை பார்த்தார். பிறகு என்னைத் தேடினார். நான் எவ்வளவு என்று கேட்கவில்லை. அவராகவே செம்பு என்று சொல்லி, உடனே, இல்லை, டம்ளர் என்றார்.

வடிவு நேராக வந்து குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. டவர் காலடியில் ஜமுக்காளம் விரித்து அவரை உட்காரவைத்தார்கள். காது குத்தும்போது குழந்தை அழுதது. அவர் அதைவிட அழுதார். பத்தர் யாரைச் சமாதானப்படுத்துவது என்று தெரியாமல் இருவருக்கும் கற்கண்டு கொடுத்தார்.

பந்தியில் வடிவு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இலையில் ஏதோ வைப்பதுபோலக் குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தன தூரம் எங்கப்பா கூட வந்துட்டீக. இனிமேயும் வருவீகளா?" சாம்பாரில் காரம் அதிகம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் விருதுநகர்வரை அவர் பேத்தியைப் பற்றியே பேசினார். சாத்தூர் வந்ததும் பேச்சை மாற்றினார். "மேடம், ஒண்ணு கேக்கணும். கேக்கதுக்குப் பயமில்லன்னு சொன்னா அது பொய்யி" என்றார். பிறகு கேட்டார். நான் கோவில்பட்டிவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்றேன். சரி என்று தலையாட்டினார். மேடம் என்று கூப்பிட வேண்டாம் என்றும் சொன்னேன். அப்படியானால் என்ன என்று கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே திருநெல்வேலிவரை வந்தார்.

செப்டம்பர் 1, திங்கள்

அண்ணனிடம் சொல்லப் பயம் ஒன்றும் இல்லை. நாற்பத்து மூன்று வயதுப் பெண் பயப்பட என்ன இருக்கிறது. சமயம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று ஆறு மணியிலிருந்து சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். இட்லிக்குச் சட்னி வைப்பதற்குப் பதிலாக அண்ணனுக்கு இரண்டாம் முறை காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு மூன்றாம் முறை.

எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். தெற்கு பஜாரில் வாடகைப் பாத்திரக் கடை ஒன்று இருக்கிறது என்று தொடங்கினேன். பிளாஸ்டிக் தொட்டியின் இயல்புகளைச் சொன்னேன். காரீயம் எப்படித் தண்ணீரில் கலக்கிறது என்று விளக்கினேன். டவருக்குப் போனபோது அண்ணன் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

"ஏ உலகு, நம்பிராஜனக் கட்டிக்கிடுதேன்னு சொல்லத்தானா இம்புட்டும்? எங்களுக்கு ஆடி மாசமே தெரியும். நீயா வாயத் தொறப்பன்னுதான் பேசாம இருந்தோம். கடையில போயி ஆளப் பாத்து நாலு வார்த்த பேசிட்டும் வந்துட்டேன். நல்ல மனுசன். கொஞ்சம் பயந்த சுபாவம், அவ்வளவுதான்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். மதினி சட்னிக் கிண்ணத்தோடு வந்தாள். "தண்ணி பிடிக்கப் போறவ, வியாழக்கிழம தவறாம எதுக்குத் தலையில பிச்சிப்பூ வச்சிட்டுப் போறா? நான் அன்னைக்கே இவுககிட்டச் சொல்லிட்டேன்."

நான் அப்படியெல்லாம் பூ வைத்துக்கொண்டு போனதாக எனக்கு நினைவில்லை. இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டேன். பூவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.